முன் ஸீட் வைத்தியம்

ஹிஞ்சேவாடி ஆபீசுக்கு எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி ஜீப்பில், பாணேரில் ஏறுகிற எனக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்காரும் கடைசிக் குறுக்கு ஸீட்தான் மிஞ்சும். இரண்டே வருஷத்தில் கழுத்து திரும்பாமல் பிடித்துக்கொண்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயின் முகத்தை மட்டும் பார்த்தார். மாத்திரையும் கழுத்துக்கு ஒரு காலரும் எழுதிக் கொடுத்தார். வலி குறையவில்லை என்று, முதுகெலும்பைக் கையாலேயே நேராக்கும் கைரோபிராக்டரிடம் போனேன். அவர் அரைமணி நேரம் அன்பாக விசாரித்துவிட்டுத் தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். பத்து விரலையும் சேர்த்து நெட்டி முறித்த மாதிரி சத்தம். மாத்திரை, காலர் எல்லாம் சுத்த ஏமாற்று வேலை என்றார். இவரைப் பற்றி எலும்பு டாக்டர் சொன்னதும் அதேதான். அதில் மட்டும் இரண்டு வைத்தியத்துக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஒருநாள் காலரோடு ஜீப்புக்கு நின்றேன். டிரைவர் பதறிப்போய், "மேடம், ஆகே பைட்டியே" என்று முன் ஸீட்டைக் காட்டினார். அதில் இருந்த, இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் முணுமுணுத்துக்கொண்டே குறுக்கு ஸீட்டுக்குப் போனாள்.

பத்தே நாளில் வலி போயிற்று. இரண்டு டாக்டர்களும் தங்களால்தான் என்று பூரித்துப்போனார்கள். நான் மறுக்கவில்லை. காலரையும் கழற்றவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் கழுத்தைப் பிடித்தபடி வந்தாள். "அரே அக்கா, பின்னாடி உட்கார்ந்து என் கழுத்தே போச்சு. நல்ல டாக்டரா ஒருத்தர் சொல்லுங்களேன்."

நன்றாக யோசித்து, காலர் எழுதாத டாக்டரின் விலாசத்தைக் கொடுத்தேன்.