மாப்பிள்ளையின் முன்னேற்ற ஃபைல்

என் சின்ன அக்காவின் மருமகனுக்கு எங்கள் குடும்பத்தில் ஓவியர் என்று பெயர். அவர் வரைந்த படத்தை மட்டும் யாரும் கண்டதில்லை. இந்த வருடம் என்ன கற்பது, அடுத்த வருடம் எங்கே போய் நிற்பது என்று பக்கம் பக்கமாக எழுதி, ஒரு ஃபைலில் போட்டுத் தினமும் துடைத்து வைப்பார். அக்கா மகள்தான் தையல் மிஷினை மிதித்துச் சோறு போட்டாள்.

அவளே ஒரு பதிப்பாளரிடம் கெஞ்சி, கதைப் புத்தகத்துக்குப் படம் போடும் வேலைக்காக அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மாப்பிள்ளை ஃபைலை நீட்டினார்.

"சரிங்க, நீங்க போட்ட படம் ஒண்ணு காட்டுங்க."

"அது திட்டத்தோட மூணாவது கட்டத்துலதான் சார் வருது."

பதிப்பாளர் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

"வந்த வேலையும் போச்சேங்க!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த மகாராசன் அசரவே இல்லை. 'பதிப்பாளரைச் சந்திப்பது' என்று ஃபைலில் எழுதியிருந்த வரிக்கு நேரே, நிதானமாக ஒரு டிக் போட்டார்.