மூன்றாவது எண்ணுக்கு வந்த பதில்

சின்னண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆனதற்கான ஜெபக்கூட்டம் முடிந்த மறுநாள் காலையில், அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏளா, என்னைத் தேரிக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. சர்ச்சுக்கு ரெண்டு தெரு நடக்கவே ஆட்டோ கேட்கிறவள். "எதுக்கும்மா, அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"அங்கன அவன் சத்தம் கேக்கும். அன்னைக்கு அவன் இல்லாதப்பவே கேட்டுச்சுல்லா. இப்பவும் கேக்கும்."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஏனென்றால் அன்றைக்குக் கேட்ட அந்தச் சத்தம் என்னுடையது. நாற்பது வருஷத்துக்கு மேலாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாத்தான்குளத்திலிருந்து பெரியதாழைக் கடலைப் பார்த்துப் போனால், வழியில் பூமி திடீரென்று சிவந்துவிடும். மேடு மேடாகச் செம்மணல். அதைத்தான் தேரி என்போம். காற்றடிக்கிற மாதங்களில் அந்த மேடுகள் இடம் மாறும். பனைகள் கழுத்துவரை புதைந்து, ஓலை மட்டும் வெளியே தெரிய நிற்கும். எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கிறிஸ்மஸ் லீவு வந்தால் மற்ற வாத்தியார்கள் குடும்பத்தோடு மணப்பாடு, திருச்செந்தூர் என்று கடலுக்குக் கிளம்புவார்கள். அப்பாவுக்குக் கடல் என்றால் பயம். அதை ஒத்துக்கொண்டால் மரியாதை என்னாவது? "உப்புத் தண்ணில என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு எங்களைத் தேரிக்குக் கூட்டிப் போவார்.

எங்களுக்கு அது போதும். ஒரு பெரிய கொல்லாமரத்தடியில், அதாவது முந்திரி மரத்தடியில், ஜமுக்காளம் விரிப்போம். ஓலைப்பெட்டியில் புளிச்சோறு, அவித்த முட்டை, பண்டிகைக்குச் சுட்டதில் மிஞ்சிய முறுக்கு. சாப்பிட்டதும் பிள்ளைகள் நாலு பேரும் நாலு பக்கம் ஓடிவிடுவோம். ஒரு மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் ஆளே தெரியாது. அதற்காக அப்பா எங்களுக்கு நம்பர் கொடுத்திருந்தார். அக்கா ஒன்று, பெரியண்ணன் ரெண்டு, சின்னண்ணன் மூணு, கடைக்குட்டிப் பெண் நான் நாலு. அம்மா அவ்வப்போது மரத்தடியிலிருந்து "ஒண்ணு!", "ரெண்டு!" என்று வரிசையாகக் கத்துவாள். அவரவர் இருக்கிற இடத்திலிருந்து நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு பதிலும் வந்துவிட்டால், "எல்லாரும் இருக்கோம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சண்டே ஸ்கூல் நிகழ்ச்சிகளில், நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் பாதிரியார் ஜெபம் பண்ணுவது மாதிரி பேசிக் கைதட்டு வாங்குகிற ஆள் நான். சின்னண்ணனின் கரகரத்த குரல் எனக்குச் சர்வசாதாரணம். அவனுக்குப் பதினொன்று. நின்றபடியே குருத்தோலையைத் தொடுகிற மாதிரி ஒரு பனை புதைந்து கிடக்கிறதாம், பார்க்கப் போகவேண்டுமாம். "அம்மா கூப்பிட்டா எனக்கும் சேத்து நீ சொல்லிரு, என்னா? ரெண்டு தடவ சமாளி, வந்துருவேன்," என்று சொல்லிவிட்டுக் கிழக்கே ஓடினான்.

சமாளித்தேன். அவன் குரலில் "மூணு", என் குரலில் "நாலு". எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகும் அம்மா கூப்பிட்டாள், பதிலும் போனது. சாயங்காலம் ஜமுக்காளத்தை உதறும்போதுதான் ஆள் குறைவது தெரிந்தது.

பனையேறிகள் ரெண்டு பேர் இருட்டுவதற்குச் சற்று முன் அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு காயமில்லை. உதடு மட்டும் வெடித்திருந்தது. அம்மா கூப்பிட்டது தனக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டதாம். ஆனால் வாயைத் திறப்பதற்குள், அடுத்த மேட்டுக்குப் பின்னாலிருந்து யாரோ "மூணு" என்றார்களாம். போய்ப் பார்த்தால் ஆளில்லையாம். அடுத்த தடவை இன்னொரு மேட்டுக்குப் பின்னால்.

"எஞ்சத்தம் எனக்குத் தெரியாதாம்மா?" என்று அவன் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "நான்தான் அங்கன போய்ட்டேனோன்னு நினைச்சிட்டேன்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் பெல்ட்டைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் கூட்டத்தில் கூப்பிட்டால் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். வேறு யாராவது சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வான். அவனுடைய கல்யாணத்தில் ஐயர் கேட்ட கேள்விக்கும் அப்படித்தான் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அம்மாவும் அன்றோடு குரல் கொடுத்து எண்ணுவதை விட்டாள். எங்கே போனாலும் கிளம்பும் முன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, "எல்லாரும் இருக்கோம், போவோம்," என்பாள்.

இல்லாத ஒரு குரலைத் தேடி இப்போது அவள் போகிறாள். சொன்னால் அந்த நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால், மணலில் உட்கார்ந்து ஏமாந்து திரும்புவாள். ரெண்டில் எது பாவம் என்று தெரியாமலே டாக்ஸி பிடித்தேன்.

டிரைவரைத் தார் ரோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நாலு மணி வெயிலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணலேறினேன். கொல்லாமரத்தைக் காணோம். மேடுகளும் நான் பார்த்தவை அல்ல. கழுத்தளவு புதைந்த பனைகள் மட்டும் அங்கங்கே ஓலையை ஆட்டிக்கொண்டு நின்றன. காற்று இல்லை. ஓலை மட்டும் எப்படி ஆடுகிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அம்மா என் கையை விட்டுவிட்டு, வீட்டுக்குள் நடக்கிறவள் போல நேரே போய் ஒரு மேட்டின் உச்சியில் உட்கார்ந்தாள்.

"மரம் இதுக்குக் கீழதான் கெடக்கு," என்று மணலைத் தட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த தடத்தில் பாதி அதற்குள் மூடியிருந்தது. சொல்ல இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

"எம்மா, அன்னைக்கு அது நான்தாம்மா. அவன் மாதிரி நான்தான் சொன்னேன்."

அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியும்ளா," என்றாள். "பெத்தவளுக்குப் பிள்ளைக சத்தம் தெரியாதா? முத ரெண்டு தடவ நீ. கழுத விளையாடுதுன்னு விட்டுட்டேன். பொறவு மூணு தடவ கிழக்கயிருந்து கேட்டுச்சே, அது அவன் சத்தம். வந்துட்டான்னு நினைச்சு, தேடாம படுத்துட்டேன். அவன் என்னடான்னா, ஒரு தடவகூட வாயத் தொறக்கலைன்னு சொல்லுதான்."

ரெண்டு தடவை சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்ற மூன்றையும், வளர்ந்த பிறகு, நானே சொல்லியிருப்பேன் என்று என் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு எப்படி யோசிப்பது? அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இத்தனை வருஷமாக ஆளுக்கொரு குற்றத்தை மறைத்து வைத்திருந்தோம்.

"இப்ப நான் கூப்பிடுதேன். நீ ஒன் நம்பர மட்டும் சொல்லு. அவனுக்காக வாயத் தொறக்கக் கூடாது, பாத்துக்க."

கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு," என்றாள். பெங்களூரில் இருக்கும் அக்காவுக்காக அவளே, "இருக்கா," என்று முணுமுணுத்தாள். "ரெண்டு." பெரியண்ணன் சென்னையில். "இருக்கான்."

"மூணு!"

பழைய பலம் எங்கிருந்து வந்ததோ, அந்தக் குரல் மேடுகளைத் தாண்டிப் போனது. அவனுடைய கரகரத்த குரல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓலைகள் ஆடுவது நின்றிருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, கிழக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. செத்தவன் செத்தவன்தான் என்று அந்த இடமும் சொல்லிவிட்டதே.

"நாலு," என்றாள் அம்மா, மெதுவாக.

"நாலு."

அம்மா கண்ணைத் திறந்தாள். சின்ன வயதில் செய்தது போலவே என் தலையில் கையை வைத்தாள், எடுத்தாள். அந்தக் கை இறங்கவில்லை. அவளுக்கு மறுபக்கம் வெறும் மணலுக்கு மேலே, ஒரு பதினொரு வயதுப் பையன் உட்கார்ந்திருந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் போய் நின்றது. என் தலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே இருந்தது. விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன.

"எல்லாரும் இருக்கோம்," என்றாள் அம்மா. "போவோம்."