மூன்றாவது சீட்டு

பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் முடிவெடுக்கத் தயங்குகிறவள் இல்லை. விஸ்கான்சின் பனியில் வண்டி சறுக்கும்போது, பின்னால் பிள்ளைகள் காது கிழியக் கத்த, சட்டென்று முடிவெடுத்துப் பழகியவள். அன்றைக்கு வாக்குச்சாவடியில் பேனாவும் கையுமாக நெளிந்துகொண்டு நின்றாள்.

ஹார்ட்விக் பெரிய கட்சிக்காரர். ஊர் ஆஸ்பத்திரியை மூட விடமாட்டேன் என்கிறார். அவர் தோற்றால், வருகிற இன்னொரு பெரிய கட்சிக்காரர் அதை மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அங்கேதான் அவள் கணவன் லைலுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஆனால் போருக்குக் கைதூக்கியவரும் இதே ஹார்ட்விக்தான். அந்தப் போரில்தான் மகன் கர்ட் செத்தான். போர் தப்பு என்று அன்றும் இன்றும் சொல்பவர் சின்னக் கட்சி நேகல் ஒருவரே. பால்பண்ணைக்காரர். அவர் ஜெயிக்கமாட்டார் என்பது அவருடைய மாடுகளுக்கே தெரியும்.

லைலைக் கேட்டிருக்கலாம். யாருக்கு ஓட்டு என்று புருஷனும் பெண்டாட்டியும் கேட்டுக்கொள்வதில்லை என்பது கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டு வழக்கம். பாழாய்ப்போன வழக்கம்.

முதல் சீட்டில் ஹார்ட்விக் பெயருக்கு எதிரே வட்டத்தைக் கறுப்பாக்கினாள். உடனே சீருடையில் கர்ட் கண்முன் வந்து நின்றான். சீட்டோடு திரும்பி நடந்தாள். சீட்டு கொடுக்கும் மேசையில் சர்ச்சில் கூடப் பாடும் வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

"கை தவறிடுச்சு வெர்னா. வேற குடு."

இரண்டாவதில் நேகல். மனசு ஆறியது. சீட்டை விழுங்கும் இயந்திரத்தருகே போனபோது ஜன்னல் வழியே வெளியே நின்ற அவர்கள் கார் தெரிந்தது. அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய லைல், கம்பளிக் குல்லாயோடு கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சீட்டை உள்ளே விட அவளுக்குக் கை வரவில்லை.

"மறுபடியுமா?" என்றாள் வெர்னா. "ஆளுக்கு மூணு சீட்டுதான், தெரியுமில்ல? இதையும் கெடுத்தா உனக்கு ஓட்டே கிடையாது. பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறியா? பிள்ளைங்க வீடு போய்ச் சேருதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது சீட்டில் ஹார்ட்விக்குக்கே போட்டு, எங்கேயோ பார்த்தபடி இயந்திரத்துக்குள் தள்ளினாள்.

வண்டிக் கதவை அவள் அறைந்த அறையில் லைல் விழித்துக்கொண்டான்.

"ஹார்ட்விக்குக்குப் போட்டுத் தொலைச்சேன்," என்றாள், வழக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு. "பெத்த பிள்ளைக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

லைல் குல்லாயைச் சரிசெய்தான். "நான் போன வாரமே தபால்ல போட்டுட்டேன். நேகலுக்கு. கர்ட்டுக்காக."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, மனுஷா?" அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. "உன் ஆஸ்பத்திரிய நீயே மூடப் பாத்தியா?"

"அதைப் பாத்துக்கத்தான் நீ இருக்கியே," என்றான் லைல். "வண்டிய எடு, நேரமாச்சு."