கடைசியாகக் கரையேறுகிறவன்

திண்டிவனத்துப் பொருட்காட்சியில், ராட்டினத்துக்குப் பின்பக்கம், சேற்றில் ஒரு கால்தடத்தைப் பார்த்தேன். இடது கால். நாலு விரல்தான் பதிந்திருந்தது. சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. அந்தக் காலை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷம் அதன் பக்கத்தில் என் காலையும் வைத்து மிதித்திருக்கிறேன்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொருட்காட்சியில் பெரிய ஆசை கிடையாது. முன்பெல்லாம் டெல்லி அப்பளத்துக்காகப் போவேன். இப்போது பல் இல்லை. மருமகள்தான் விடவில்லை. பழைய காலத்துக் கிராமம் ஒன்றை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்களாம், பார்த்தே ஆகவேண்டும் என்று பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள். போய்ப் பார்த்தால் கூரை வீடு, கிணறு, ஏற்றம், சக்கரத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு மாட்டுவண்டி. வண்டியில் மாடு இல்லை. அச்சில் மசகும் இல்லை. அந்த வண்டி ஒரு நாள்கூட ஓடியதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கயிறு கட்டி, அதற்குள் ஒரு சின்ன உப்புப் பாத்தி. பக்கத்தில் போர்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, மருமகள் படித்தாள்.

“முன்னோர்களின் உப்பளம்னு போட்டிருக்குது மாமா.”

“காலைல உன் புருஷன் எங்கம்மா போனான்?”

“அளத்துக்குத்தான்.”

“அப்போ அவன் முன்னோரா?”

“சும்மா வாங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க” என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தேன்.

அது என் வீட்டுக்காரியின் அண்ணன் கால். என் மச்சான். சின்ன வயதில் மண்வெட்டி பட்டு அந்த விரல் போனது. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மரக்காணத்து அளத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. உப்பு வாருவதைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் நடக்கிற வேலையை யாரும் பார்ப்பதில்லை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் அடி கொழகொழவென்று இருக்கும். அதை நாள் கணக்கில் காலால் மிதிக்கவேண்டும். குதிகாலை அழுத்தி, முன்காலால் இழுத்து, ஒரு தடத்தை ஒட்டி இன்னொரு தடம். மிதிக்க மிதிக்கத் தடமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, தரை சிமெண்டு போட்டது போல ஆகிவிடும். அப்புறம்தான் உப்புத் தண்ணீரை விடலாம். மிதிக்காத இடம் மேலுக்கு ஒன்றும் தெரியாது. பலகை போட்டு உப்பு வாரும்போது அடிச்சேறு கூடவே எழும்பும். உப்பு சாம்பல் நிறமாகிப் போகும்.

இதற்கு அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியிலிருந்து கடைசியாகக் கரையேறுகிறவன்தான் அந்தப் பாத்திக்குப் பொறுப்பு. ஏறும்போது நாலு மூலையையும் பார்த்துவிட்டு ஏறவேண்டும். பாத்தி கெட்டால் மேஸ்திரி கேட்கிற ஒரே கேள்வி, “எவன்டா கடைசியா ஏறுனது?” என்பதுதான்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாசம் இருக்கும். அன்றைக்குப் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு எங்கள் தெருவிலிருந்து டிராக்டர் கிளம்புகிறது. என் பங்கில் சனி மூலை, அதாவது வடகிழக்கு மூலை, மட்டும் பாக்கி. அரை நாள் வேலை. நான் குனிந்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அந்த மூலையை மெழுகிவிட்டேன். பார்ப்பதற்கு மிதித்து முடித்த தரை போலவே இருந்தது. “முடிஞ்சுதா மாப்ள?” என்று மச்சான் அந்தக் கோடியிலிருந்து கேட்டார். முடிந்தது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் தன் பங்கை மிதித்துவிட்டுக் கடைசியாகக் கரையேறினார்.

முதல் வாரலிலேயே அந்த மூலை சேறு கக்கியது. மேஸ்திரி கேட்டார். மச்சான், “நான்தான்” என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் ஈ புகுந்தால்கூடத் துப்பியிருப்பேன். ஒரு சொல் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து அவருக்கு அளத்தில் வேலை இல்லை. வேறு அளத்திலும் சேர்க்கவில்லை. கையால் மெழுகுகிறவன் என்ற பேர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டார். நல்லது கெட்டதுக்கு வருவார், பேசுவார், என் பிள்ளைக்கு மொட்டையடிக்க மடியில் உட்காரவைத்தார். அந்த மூலையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. என் வீட்டுக்காரி, அண்ணன்தான் தப்புச் செய்தான் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் அது பொய். பாதி நாள் மறந்துதான் இருந்தேன்.

கயிற்றுக்கு உள்ளே மச்சான் வந்தார். தலையில் துண்டு, கையில் ஊன்றுகோல். இந்தக் கிராமத்தை அமைத்தவர்களுக்கு மிதித்துக் காட்ட ஆள் தேவைப்பட்டதாம். தோட்டத்தில் யாரோ இவரைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். கூட்டம் சேர்ந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு டீச்சரம்மா கேட்டார்கள்:

“ஐயா, இவ்ளோ கஷ்டப்பட்டு மிதிக்கணுமா? கையால பூசிட்டா ஆகாதா?”

மச்சான் நின்றார். ஊன்றுகோலை என் பக்கம் நீட்டினார்.

“அதோ நிக்கிறாரே, அவரக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்.”

அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நாற்பது பேர் திரும்பினார்கள். மருமகளும் என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை.

“ஆகாதும்மா” என்றேன். “மேல நல்லாத்தான் இருக்கும். வாரும்போது சேறு ஏறிடும். நான் ஒரு தடவ அப்படிப் பண்ணிட்டேன். நான் பண்ணது. இவருக்கு வேல போயிடுச்சு. நான் பக்கத்துல நின்னுக்கினு சொல்லல.”

டீச்சரம்மா, “பாத்தீங்களா பசங்களா, எந்த வேலையும் அரைகுறையா செய்யக் கூடாது” என்றார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்புறம் கூட்டம் குல்ஃபி வண்டிப் பக்கம் நகர்ந்தது. மருமகள் மட்டும் நகரவில்லை.

“வாயத் தொறக்க இவ்ளோ நாளா மாப்ள?” என்றார் மச்சான்.

“நீங்களாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லி? என் தங்கச்சிக்குத் தாலி கட்டி ரெண்டு மாசம். உன்ன வெளிய அனுப்பிட்டா அவ எத உலைல வைப்பா?” என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலால் பாத்தியின் கோடியைத் தட்டினார். “சனி மூல பாக்கி இருக்குது. செருப்பக் கழட்டு.”

கழற்றினேன். மருமகள் என் கையைப் பிடித்து இறக்கினாள். அடியில் பிளாஸ்டிக் விரித்து மேலே ஏரி மண் கொட்டியிருந்தார்கள். அதில் எந்தக் காலத்திலும் உப்பு விளையாது. ஆனாலும் மிதித்தேன். குதிகாலை அழுத்தி, முன்காலால் இழுத்து. முட்டி வலித்தது. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் தோளைப் பிடித்து முதலில் கரையேறிக்கொண்டார்.

“நீ கடைசியா ஏறு” என்றார்.

ஏறுவதற்கு முன்னால் நாலு மூலையையும் பார்த்தேன். மூன்று மூலையில் இடது கால் தடத்துக்கு நாலு விரல். ஒன்றில் ஐந்து.