ஊரில் மிஞ்சிய ஒரே துப்பாக்கி

கர்நாடக எல்லையை ஒட்டிய ஜவளகிரிக் காட்டோரத்தில் எங்கள் ராகிக் கொல்லை. கதிர் பிடித்துவிட்டால் போதும், காட்டுப்பன்றிக்கு மூக்கில் வேர்த்துவிடும். பொழுது சாயும் நேரத்தில், துப்பாக்கியில் ரவை போடாமல் வெறும் மருந்தை மட்டும் கெட்டித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவோம். உடனே அடுத்த கொல்லையிலிருந்து ஒரு வெடி, அதற்கப்பால் இன்னொன்று. பன்றியை விரட்டத்தான். ஆனால் யார் யார் கொல்லையில் இருக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் இறந்தபின் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். "பொம்பளைக்கு எதுக்கு துப்பாக்கி?" என்றவர்களிடம், "பன்னி ஆம்பளை பொம்பளை பாத்தா வருது?" என்று கேட்டேன்.

அப்போது ஊரில் துப்பாக்கிக்கும் கட்சி இருந்தது. ஒரு கட்சியின் கிளைச் செயலாளர், "துப்பாக்கி விவசாயியோட உரிமை, எவன் வந்து புடுங்குவான்?" என்று டீக்கடையில் முழங்குவார். எதிர்க்கட்சிக்காரர், "எல்லாத்தையும் புடுங்கி ஸ்டேஷன்ல போடணும்" என்பார். கோபம் ஏறினால் இருவரும் கன்னடத்துக்குத் தாவிவிடுவார்கள். திட்டுவதற்கு அதுதான் வசதி போலிருக்கிறது.

பிறகு பக்கத்து ஊரில், புதர் அசைந்ததைப் பார்த்துப் பன்றி என்று ஒருவர் சுட்டதில், விறகு பொறுக்க வந்த ஆள் செத்துப்போனார். அதோடு பேச்சு மாறியது. உரிமை பேசியவர் முதல் ஆளாகத் தன் துப்பாக்கியை ஒப்படைத்தார். பிடுங்கச் சொன்னவரோ, அவருடைய நிலக்கடலையைப் பன்றி உழுதுவிட்டுப் போனதும், லைசென்ஸ் கேட்டு நாயாய் அலைந்தார். கிடைக்கவில்லை என்றதும், யாருக்குமே துப்பாக்கி வேண்டாம் என்று பழைய கொள்கைக்கே திரும்பிவிட்டார். இப்படியாக இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள், கொல்லைகள் தரிசாகக் கிடக்கின்றன, துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து வைக்க வேண்டும். முன்பெல்லாம் டெம்போ பிடித்துக் கூட்டமாகப் போவோம், வரும் வழியில் பிரியாணி சாப்பிடுவோம். போன தேர்தலுக்கு நான் மட்டும் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனேன். தேர்தல் முடிந்து வாங்கி வந்த அன்று, பொழுது சாய ஒரு வெடி போட்டேன். பதிலுக்கு எங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சில நாள் கழித்து அந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். "ஒப்படைச்சிடுங்கக்கா, காலம் மாறிப்போச்சு" என்றார்கள். நான் மசியவில்லை. என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

தீபாவளிக்குக்கூட ஷிஃப்ட் என்று வராதவன், அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூரிலிருந்து வந்து நின்றான். "ஊரே வேணாங்குது, உனக்கு மட்டும் எதுக்கும்மா அது? நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்து, களி கிண்டினேன். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவியதும், "கிளம்பும்மா, ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துடலாம்" என்றான்.

எழுந்து சேலைகூட மாற்றிவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, இதைக் கொடுத்துவிட்டால் இவன் மறுபடி எதற்கு வருவான்?

"யோசிக்கணும்டா" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வா, பேசிக்கலாம்."