சலீமின் முழங்கால்

சென்ற திங்கட்கிழமை பேத்தியின் வகுப்பாசிரியர் என்னை வரச் சொல்லியிருந்தார். அவள் போகும் ஸ்கூல் வேனிலேயே நானும் ஏறிக்கொண்டேன்.

வேன் சலீமுடையது. வேனுக்கு முப்பத்தொரு வயது, சலீமுக்கு நாற்பத்தாறு. இரண்டு மாதமாகப் பள்ளிவாசலில் தரையில் அமராமல் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். முழங்கால் நோவாம். அங்கே தொழும் நாங்கள் ஏழு பேர் ஏழு எண்ணெய் சொல்லியிருந்தோம். ஏழாவது எண்ணெய் என்னுடையது.

மருதமுனையிலிருந்து கல்முனை போவதற்குள் அவர் பத்தொன்பது தரம் பிரேக் பிடித்தார். ஒவ்வொரு தரமும் சீட்டிலிருந்து எழும்பி, மிதியின் மேல் ஏறி நின்றார்!

"இதென்ன சலீம்?"

"மெல்லக் கதைங்க சேர். புள்ளைகள் வீட்டுல போய்ச் சொல்லிரும். பிரேக் இறுகிக் கிடக்கு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம். வேனை நிப்பாட்டினா மத்த வேனுக்கு மாத்திருவாங்க. போன புள்ள திரும்பி வராது சேர்."

திரும்பிப் பார்த்தேன். பதினாறு பிள்ளைகள். ஏச நினைத்தேன்... அவருடைய கால் நடுங்கியது தெரிந்தது. ஏசவில்லை.

பிள்ளைகளை இறக்கி, நான் வகுப்பாசிரியரையும் பார்த்து வந்ததும் நேரே கராஜ். மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூஸ்டருக்குள்ள ரப்பர் கிழிஞ்சிரிக்கி. அதுதான் காலுக்கு உதவி செய்யிற சாமான். ரெண்டு மாசமா வேனை நிப்பாட்டினது உங்கட முழங்கால்தான் சலீம் காக்கா."

நாங்கள் ஏழு பேரும் காலைத்தான் பார்த்தோம். அது எதை மிதிக்கிறது என்று யார் கேட்டோம்?

வேன் மூன்று நாள் கராஜில். மற்றப் பதினைந்து வீட்டுக்கும் நானே போன் எடுத்து, உள்ளதை அப்படியே சொன்னேன். ஐந்து பேர் ஏசினார்கள். ஒரு தாய் மட்டும், "அவர்ர கால் இப்ப எப்படி சேர்?" என்று கேட்டார்.

வியாழன் மாலை வேறு பூஸ்டர் பூட்டியாயிற்று. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி ஐந்து தரம் மிதிக்க வேண்டும். பிறகு மிதியில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். மிதி தானாகக் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. நான் எண்ண எண்ண, சலீம் மிதித்தார். ஸ்டார்ட் செய்தார்.

இறங்கியது. வெகுநேரம் அவர் காலை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். பதினான்கு பிள்ளைகள் ஏறினார்கள்.

"ரெண்டு போச்சு சேர்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

ஓம், உண்மையைச் சொன்னதில் இரண்டு போயிற்று. சொல்லாமல் அப்படியே ஓட்டியிருந்தால் எத்தனை... அதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.