சேலை பார்த்து வைத்த வெள்ளை

பாளையங்கோட்டையில் கல்யாணப் படம் எடுக்கிற கிரேஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். கிறிஸ்தவக் கோயில் சரவிளக்கின் மஞ்சளும் ஃபிளாஷின் வெள்ளையும் ஒன்றுக்கொன்று ஆகாத சம்பந்திகள் என்பாள். அப்படியே எடுத்தால் பெண்ணின் முகம் வெளிறிப்போகும். பின்னால் நிற்கிறவர்களெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள்போல் இருப்பார்கள். அதனால் ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளை ஒட்டி, இரண்டு வெளிச்சத்தையும் ஒரே நிறமாக்கிவிடுவாள். பிறகு வெள்ளையாக ஒன்றைப் படமெடுத்து, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் மஞ்சள் போய்விடும்.

அதற்கென்றே அட்டை விற்கிறார்கள். கிரேஸ் வாங்கியதில்லை. கிறிஸ்தவக் கல்யாணத்தில் பெண்ணே வெள்ளைச் சேலையில் வந்து நிற்கையில் அட்டை எதற்கு என்பது அவள் கட்சி.

எப்சியின் கல்யாணத்தில் அந்தக் கட்சி தோற்றது. எப்சி கட்டியிருந்தது, நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன அவள் அம்மா ஜெபராணியின் கல்யாணச் சேலை. அப்பா நேசையாவிடம் இருந்த கல்யாண ஆல்பம் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது. மிஞ்சியது பீரோ மேல்தட்டிலிருந்த சேலைதான். மனைவியின் சேலையை ஒரு தடவையாவது படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

கிரேஸும் ஜெபராணியும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள். டவுனில் கடை கடையாக ஏறி இறங்கி அந்தச் சேலையை எடுத்ததே இருவரும் சேர்ந்துதான். திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சிரிக்க இப்போது கிரேஸுக்கு ஆள் இல்லை.

நேசையா மகளைக் கைப்பிடித்து நடத்தி வந்த படங்களைக் கேமராத் திரையில் பார்த்ததும் கிரேஸுக்குத் திக்கென்றது. குருவானவரின் வெள்ளை அங்கி நீலமாக இருந்தது. எப்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பது வருடத்தில் பழுப்பேறிய சேலையை வெள்ளை என்று நம்பிய கேமரா, அந்தப் பழுப்பைப் போக்க எல்லாவற்றிலும் நீலத்தை ஏற்றிவிட்டது. இத்தனை வருடம் தொழில் பார்த்தவளுக்குப் பழுப்புத் தெரியவில்லையா என்றால், சிநேகிதியின் சேலையை அவள் பழைய கண்ணால்தான் பார்த்திருந்தாள். அவசரமாகக் குருவானவரின் அங்கியைப் பார்த்து வெள்ளையை மாற்றி வைத்தாள். தாலி கட்டிய படங்கள் தப்பின.

மறுவாரம் நேசையா படம் பார்க்க வந்தார். கிரேஸ் அவர் முன்னாலேயே கம்ப்யூட்டரில் அந்த நடைப் படத்தைத் திருத்தினாள். நீலம் வடிந்தது. எப்சியின் முகத்துக்கு உயிர் வந்தது. சேலையில் பழுப்பு ஏறியது.

நேசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் இருந்ததைக் காட்டச் சொன்னார். கிரேஸ் காட்டினாள்; சேலை மறுபடி வெள்ளையானது.

"அது தப்பு அண்ணாச்சி. எப்சி நீலம் பாரிச்சுல்லா நிக்கா."

"நின்னா நிக்கட்டும் கிரேஸு. ஜெபராணி கோயிலவிட்டு எங்கூட எறங்கி வரும்போது சேல இந்த நெறந்தான். இதயே ஒண்ணு போட்டுத் தா."

கிரேஸ் திருத்தியதை அழித்தாள். நீலம் ஏறிய அந்தப் படத்தில் இரண்டு பிரதி போட்டாள். ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.